உங்க இடது கைப் பக்கம்

“எத்தனை மணிக்கு வண்டி?”

கவுன்ட்டருக்கு முன்னால் யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி இதுதான். தலையைக்கூட நிமிர்த்தாமல் கேட்பார். வந்தவருக்குக் கோட்டை பார்க்க ஆசையா, கடலில் கால் நனைக்க ஆசையா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். நேரம் தெரிந்தாக வேண்டும். அடுத்தது கால். குனிந்த தலையோடு இருக்கிற மனுஷி எப்போது கவனித்தார் என்று நமக்குத் தெரியாது, ஆனால் ஹாலுக்குள் நாம் நடந்து வந்த இருபது அடியிலேயே நம் செருப்பையும் முழங்காலையும் எடைபோட்டு முடித்திருப்பார். “குதிகால் செருப்பு போட்டிருக்கீங்க, கோட்டை வேணாம். மியூசியம் போங்க, உள்ள மரத் தரை.” பேச்சு முடிவதற்குள் சிவப்புப் பேனாவின் மூடி கழன்றிருக்கும்.

ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் படகுத்துறையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு பெரிய ஹால். அதன் கடைசியில், படகு டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில், ‘பயணிகள் தகவல்’ என்று ஒரு பலகை. அதன் கீழே பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். ஊருக்கு அவர் மேப் அக்கா. அவரைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். அவர் முதுகுக்குப் பின்னால் முழுச் சுவரும் கண்ணாடி. அதற்கு அப்பால் சாலை, சாலைக்கு அப்பால் கடல். வருகிறவர்கள் எல்லாரும் அவர் தோளுக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். அவருக்கு மட்டும் வேலை நேரம் முழுக்க முதுகுப் பக்கம் கடல்.

கீழே துறைமுகம், மேலே குன்றின்மீது பல்கலைக்கழகம், நடுவில் இரண்டுக்கும் இறங்கி ஏறி மூச்சு வாங்குகிற தெருக்கள். ஊர் இவ்வளவுதான். ஆனால் வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. கைபேசியில் எல்லாம் வந்த பிறகும் அக்காவிடம் வரிசை குறையவில்லை. கைபேசி நம்மிடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை, காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் வேலை செய்கிற விதத்தை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வரைபடத்தை வந்தவர் பக்கம் நேராக விரித்து வைப்பார். அவருக்கு அது தலைகீழ். அந்தத் தலைகீழ்த் தாளில், எதிர்ப் பக்கத்திலிருந்தே, சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டின் ஓரத்தில் ‘இங்கே உட்காரலாம்’, ‘இங்கே குடிதண்ணீர்’ என்று எழுதுவார். அந்த எழுத்து நமக்கு நேராக வந்து விழும். அவருடைய கையைப் பார்த்தால் எழுத்துகளைக் காலைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிடுவது போல இருக்கும். ‘ழ’வுக்குக்கூடத் தடுமாற மாட்டார். ஊர் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்றால், அது வெறும் பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை.

இதில் சங்கடமும் உண்டு. மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மறுநாள் ஆசிரியை கூப்பிட்டுவிட்டார். கையெழுத்து தலைகீழாக இருக்கிறது, பிள்ளையே போட்டுவிட்டதோ என்று சந்தேகம். அக்கா அங்கேயே, ஆசிரியையின் மேசைக்கு எதிரில் நின்றபடி, ஆசிரியைக்கு நேராகத் தெரிகிற மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். அன்று முதல் அந்த வீட்டில் அட்டையில் கையெழுத்துப் போடுவது அப்பாவின் வேலை ஆகிவிட்டது.

வருகிறவர்களில் அக்கா மிகவும் யோசித்து வழி போடுவது ஒரு கூட்டத்துக்குத்தான். பல்கலைக்கழகம் திறக்கிற வாரத்தில் பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டு, திரும்பும் வண்டிக்கு நாலு மணி நேரம் இருக்க, என்ன செய்வது என்று தெரியாமல் வந்து நிற்கும் அப்பா அம்மாக்கள். கை வீசி நடக்கத் தெரியாமல் நிற்பார்கள். காலையில் அந்தக் கையில் பெட்டி இருந்தது. “பாக்க ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்பார்கள், ஆனால் அவர்களுக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுதான், அதை இப்போதுதான் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இது அக்காவுக்குத் தெரியும். அதனால் அவர்களுக்குப் போடுகிற கோடு ஒருபோதும் குன்றுப் பக்கம் போகாது. நூலகம், மணிக்கூண்டு எதையும் குறிக்க மாட்டார். குறித்தால் கால் தானாக விடுதி வாசலுக்குத் திரும்பிவிடுமாம். பிள்ளை அப்போதுதான் புதுச் சிநேகிதர்களோடு சிரித்துக்கொண்டு நிற்கும், இவர்கள் போய் நின்று அதன் மானத்தை வாங்குவார்கள்.

அவர்களை அனுப்புகிற இடம் அலைதடுப்புச் சுவர். கடலுக்குள் முக்கால் கிலோமீட்டர் நீண்டு போகிற கற்பாதை. ஹாலிலிருந்து போய், கொஞ்சம் உட்கார்ந்து, திரும்ப ஒன்றரை மணி நேரம். ஏன் அங்கே என்று டிக்கெட் ஜன்னல்காரர் ஒரு நாள் கேட்டார். பக்கத்து ஜன்னலில் படகு டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர், அக்காவை மேடம் என்று கூப்பிட்டுக் கேலி செய்வதை ஒரு வேலையாகவே வைத்திருப்பவர். அக்கா கேலி இல்லாமல் பதில் சொன்னார். “அங்க அடிக்கிற காத்துல எல்லாருக்கும் கண்ணு கலங்கும். யாரும் யாரையும் ஏன்னு கேக்க மாட்டாங்க.” அன்றைக்குப் பூராவும் டிக்கெட் ஜன்னல்காரர் மேடம் என்று கூப்பிடவில்லை.

சரி, இவ்வளவு தெரிந்தவர் இதையெல்லாம் எப்போது போய்ப் பார்த்தார்? கேட்டால் கேட்டவருக்குத்தான் சங்கடம். பார்க்கவே இல்லை. பாதிக்கு மேல் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும்தான் ஜனம் வருகிற நாள், அன்றைக்கு அக்கா கவுன்ட்டரில். அவருக்கு ஓய்வு கிடைக்கிற செவ்வாய்க்கிழமையில் மியூசியம் பூட்டு, கலங்கரை விளக்கம் பூட்டு. எல்லாம் போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களிடம் கேட்டுச் சேர்த்த சரக்கு. கலங்கரை விளக்கத்துக்கு நூற்று அறுபத்து மூன்று படி என்பதும், நூற்றுப் பத்தாவது படியில் ஒரு ஜன்னல், அங்கே நின்று மூச்சு வாங்கலாம் என்பதும், மியூசியத்துத் திமிங்கில எலும்புக்கூட்டில் ஒரு விலா எலும்பு மரத்தில் செய்தது என்பதும் அப்படி வந்தவைதான். ஆனால் அவர் சொல்லும்போது நேற்றுத்தான் ஏறி இறங்கியவர் மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம் உண்டு. இது ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக வெகு காலம் இருந்தது. அக்கா வழி சொல்லும்போது “உங்க இடது கைப் பக்கம்” என்று சொல்லித் தன் வலது கையைத் தூக்குவார். எதிரில் நிற்கிறவருக்கு அது சரி. தன் கையைப் பார்த்துவிட்டு வாயால் அதற்கு எதிரானதைச் சொல்வது. பத்தொன்பது வருடத்தில் இது அவர் எலும்பில் ஏறிவிட்டது. வரைபடத்தை வைத்துச் சொன்னால் ஒரு நாளும் பிசகாது. தெருவில் நடந்துகொண்டே சொன்னால்தான் வம்பு. வழி தன் வலது பக்கம் இருக்கிறது என்று கண் பார்க்கும், வாய் ‘இடது’ என்று சொல்லும்.

அந்த ஒருவர் அவருடைய கணவர். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தராசு, நுண்ணோக்கி எல்லாம் பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அக்கா இடது என்றால் அவர் வலது பக்கம் திருப்புவார். வலது என்றால் இடது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வார்கள். அக்கா இறங்கி, பார்த்தீர்களா நான் சொன்ன வழிதான் சுருக்கு வழி என்பார். அவரும் ஆமாம் என்பார். அந்தக் குடும்பத்தில் சண்டை குறைவு என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஒரே மகள். பள்ளிப் படிப்பை முடித்தாள், நிலவியல் படிக்க ஆசைப்பட்டாள். குன்றின்மேல் இருக்கிற பல்கலைக்கழகத்தில் நிலவியல் உண்டு, வீட்டிலிருந்து இருபது நிமிட நடை, இடமும் கிடைத்தது. கூடவே இன்னொரு ஊரிலும் கிடைத்தது. ரயிலில் பதினாலு மணி நேரம். கடலே இல்லாத ஊர். மகள் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். பெற்றவர் கையெழுத்தோடு பதில் அனுப்ப இரண்டு வாரம் இருந்தது.

அக்காவுக்கு அது பேரிடியாக இருந்தது. பதினாலு மணி நேரம் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்தொன்பது வருடமாக முன்பின் தெரியாதவர்களை எல்லாம் இந்த ஊரில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சம்மதிக்க வைத்தவர். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று எத்தனை பேரைச் சொல்ல வைத்திருக்கிறார். பெற்ற மகளை மட்டும் இங்கே இருக்க வைக்க முடியவில்லை என்றால் மனசு கேட்குமா?

“அங்க பாக்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. அதுக்குத்தான் போறேன்.”

அதற்கு மேல் இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேசியது. மூன்றாம் நாள் அக்கா யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு அவர் எடுக்கிற முதல் ஞாயிறு. மேலதிகாரிக்கு விண்ணப்பத்தைப் படிக்கவே கொஞ்ச நேரம் ஆனது, அவசரத்தில் அதையும் தலைகீழாக எழுதியிருந்தார். ஊரை மகளுக்குச் சுற்றிக் காட்டப் போகிறாராம். பதினெட்டு வருடமாக இதே ஊரில் இருக்கிற மகளுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒன்பது மணி நேரத்தில் எட்டு இடம் என்று கோடு போட்டுவிட்டார். கடைசி இடம் கலங்கரை விளக்கத்தின் உச்சி. அங்கே நின்று ஊரைப் பார்த்தால் யாருக்குத்தான் விட்டுப் போக மனசு வரும் என்பது அவர் கணக்கு. மகளுக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. இருந்தும் சரி என்றாள்.

முதல் இடம் பல்கலைக்கழக நூலகம். வட்டமான வாசிப்பு அறை, மேலே கண்ணாடிக் கூரை. வாசலிலிருந்து உள்ளே வந்த அக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். “இதைப் போய் கால் மணி நேரத்துல பாத்துட்டு வந்துரலாம்னு சொல்லிட்டு இருந்தேனே,” என்று முணுமுணுத்தார். இத்தனை வருடம் எத்தனை பேரின் நேரத்தைத் திருடிவிட்டோம் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்தது மியூசியம். திமிங்கிலத்தின் மர விலாவைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆறாவது விலா. ‘டொக்’ என்று கேட்டது. அந்த நிமிடம் அம்மாவும் மகளும் காவலாளிக்குப் பயந்து ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்துச் சிரித்தார்கள். காரியம் கைகூடிவிட்டது என்றே அக்கா நினைத்தார்.

பிறகு வந்தது தபாலாபீஸ் முனை. அங்கே சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிற வழி, அதற்கு நடுவில் இன்னும் ஐந்து இடம். மகள் நாலு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அக்காவைத் தெரிந்த ஒருவர் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமையில் வெளியே பார்க்கிறேனே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று மகள் திரும்பிக் கேட்டாள். அக்கா சாலையைப் பார்த்தார், கையை ஆட்டினார், “வலது கைப் பக்கம்” என்றார். மகள் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு வலது பக்கம் திரும்பி நடந்தாள். பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்த அக்கா மூச்சு வாங்கியதில் எதையும் கவனிக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்துச் சாலை முடிந்துவிட்டது. அங்கே கலங்கரை விளக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. படகு பழுது பார்க்கிற பட்டறைகளின் பின்பக்கம். சாயம் உரிந்த படகுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பூனை, மூன்று பக்கமும் தகரச் சுவர், நாலாவது பக்கம் அலையே இல்லாத குட்டைக் கடல். ஊரையே தலைகீழ்ப் பாடமாக வைத்திருந்தவருக்கு இந்த இடம் இருப்பதே தெரியாது. வரைபடத்தைப் பிரித்தார். அந்த மூலையில் குறியீடுகளை விளக்குகிற பெட்டியை அச்சடித்திருந்தார்கள். மகள் கைபேசியை எடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

இடது பக்கம் என்றுதானே சொன்னேன் என்று அக்கா சாதித்தார். வலது என்று சொன்னாய் என்றாள் மகள். இல்லவே இல்லை என்றார் அக்கா. மகள் கோபப்படவில்லை. பெரிதாக ஆராய்ச்சி செய்யப் போகிறவள் அல்லவா, சோதனை செய்து பார்த்தாள். எதிரில் வந்து நின்றுகொண்டு, அந்தக் குழாய் எனக்கு எந்தக் கைப் பக்கம் என்று கேட்டாள். அக்கா கண் மூடித் திறப்பதற்குள் சரியாகச் சொன்னார். பிறகு பக்கத்தில் வந்து, தோளோடு தோள் நின்று, அதே கேள்வியைக் கேட்டாள். அக்கா வலது கையைக் குழாய்ப் பக்கம் நீட்டி “இடது” என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்தார்.

“நீ எதிர்ல நிக்கறவங்களுக்குச் சொல்றம்மா,” என்றாள் மகள். “நான் பக்கத்துல நிக்கறேன்.”

அக்கா கவிழ்ந்து கிடந்த ஒரு படகின்மேல் உட்கார்ந்தார். மகளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சண்டைக்கு இழுக்கிற குரலில் இல்லாமல், ஏதோ வானிலை சொல்வது மாதிரி சொன்னாள்.

“லைட்ஹவுஸுக்கு நான் நாலு தடவை போயிருக்கேன். நாலு தடவையும் அப்பாகூட. நீ கோடு போட்டுக் குடுத்து அனுப்புவ. நூத்திப் பத்தாவது படியில நில்லுன்னு எழுதியிருப்ப. நானும் நிப்பேன். அந்த ஜன்னல்லேருந்து பாத்தா உன் கவுன்ட்டர் கண்ணாடி தெரியும்மா. உன் முதுகு தெரியுதான்னு பாப்பேன்.”

அக்காவுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. இந்த வேலை யாருக்காக, அந்த ஞாயிற்றுக்கிழமைகள் யாருக்காக என்றெல்லாம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நியாயம்கூட அவர் பக்கம் வந்திருக்கும். கேட்கவில்லை. “ஞாயித்துக்கிழமைலதான் கூட்டம் வரும்” என்று மட்டும் சொன்னார். தெரியும்மா என்றாள் மகள். அவளுக்கு நிஜமாகவே தெரியும், அதில் குத்தல் இல்லை, அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அந்த இடத்தில் மூன்று பக்கமும் தகரம். துளிக் காற்று கிடையாது. கண் கலங்கியதற்குப் பழிபோட ஒன்றும் இல்லாமல் அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் வேறெங்கும் போகவில்லை. பையில் இருந்த ஆரஞ்சை உரித்துத் தின்றார்கள். வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தார்கள். மகள் அந்தத் தூரத்து ஊரில் தரைக்குக் கீழே என்ன என்ன பாறை இருக்கிறது என்று சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் நேரம் பார்க்கவில்லை. கையில் இருந்த கடிகாரம் இரண்டு தடவை மணி அடித்தும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் எட்டு இடமும் பார்த்தாயிற்றா என்று கேட்டார். இரண்டு என்றார் அக்கா. பிறகு மகளின் தாளை எடுத்துவரச் சொல்லி, அது நேராக இருக்கிறதா என்று மூன்று தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். “போகட்டும்” என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “போயிட்டு வரட்டும்” என்று திருத்தினார்.

அப்போதுதான் இடது வலது சமாச்சாரமும் வெளியே வந்தது. கணவர் தனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும் என்றார். அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று பாய்ந்தார். அவர் தலையைச் சொறிந்தார். “சொன்னா நீ திருத்திக்குவ. அப்புறம் கவுன்ட்டர்ல வரவங்களுக்குத் தப்பா சொல்லுவ.” அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு மட்டும் உப்பு தூக்கலாக இருந்தது என்று கேள்வி.

மகள் புறப்படுகிற நாள் பல்கலைக்கழகம் திறக்கிற வாரத்தில் வந்து விழுந்தது. ஊருக்குள் எல்லா அப்பா அம்மாக்களும் பெட்டியோடு இறங்குகிற வாரம், விடுப்பு என்ற பேச்சே எடுக்க முடியாது. அக்கா எடுக்கவும் இல்லை. காலையிலேயே மகளிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். பெட்டியைக் கணவர் நாலு மணிக்கு நேராக ரயில் நிலையத்துக்குக் கொண்டுவருவார், அக்கா கவுன்ட்டரிலிருந்து ஓடிப்போய்ப் பிளாட்பாரத்தில் பத்து நிமிடம் நிற்பார். ஏற்பாடு அப்படி. எல்லாருக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறவர் தனக்கு ஒதுக்கிக்கொண்டது அந்தப் பத்து நிமிடம்.

மதியம் ஒரு மணிக்கு வரிசை ஹாலின் பாதி வரைக்கும் நின்றது. அக்கா குனிந்த தலை நிமிராமல் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவரை அலைதடுப்புச் சுவருக்கு அனுப்பிவிட்டு, புதிய தாளை எடுத்து எதிர்ப் பக்கம் நேராக விரித்தார்.

“எத்தனை மணிக்கு வண்டி?”

“நாலு பத்துக்கு.”

பேனா தாளின்மேல் நின்றுவிட்டது.

“மூணு மணி நேரம் இருக்கு,” என்றது அதே குரல். “என்ன பாக்கலாம்?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். புது ஷூ, போன வாரம் அவரே நாலு கடை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது. தோளில் ஒரு சின்னப் பை. கை பழக்கத்தில் தானாகக் கோடு இழுக்க ஆரம்பித்தது. கவுன்ட்டரிலிருந்து கிளம்பி, சாலையோடு போய், தபாலாபீஸ் முனை வரை வந்தது. அதற்கு மேல் போக வேண்டிய இடத்தில் குறியீட்டுப் பெட்டி. அக்கா பேனாவை மூடினார்.

மேசையின் அடியில் ‘சிறிது நேரத்தில் வருவேன்’ என்று ஒரு பலகை பத்தொன்பது வருடமாகக் கிடக்கிறது. எடுத்து மாட்டப் போனால் கயிறு கையோடு வந்தது, மக்கிப் போயிருந்தது. பலகையைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் ஜன்னல்காரர் தன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, அக்காவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த படகு நாலரைக்குத்தான், போய்விட்டு வாருங்கள் என்றார். ஒரு வரைபடத்தை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேடம், இதுல கடல் எந்தப் பக்கம்?” என்றார். எதிரில் நிற்கிறவங்க பக்கமா வச்சுப் பாருங்க என்று சொல்லிக்கொண்டே அக்கா மேசையைச் சுற்றி வெளியே வந்தார். அவர் பாவம், அன்றைக்கு எத்தனை பேரை எங்கெங்கே அனுப்பினாரோ.

சாலையில் இருவரும் நடந்தார்கள். அக்காவுக்குக் கடல் முன்னால் தெரிந்தது, பிறகு பக்கவாட்டில் வந்தது. போர்வை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்றாள். தபாலாபீஸ் முனையில், சாலை பிரிகிற இடத்தில், அக்கா நின்றார். இரண்டு வாரமாக வீட்டில் இடது வலதைச் சரியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். இருந்தாலும் பத்தொன்பது வருடப் பழக்கம் இரண்டு வாரத்துக்கெல்லாம் அசைந்து கொடுக்குமா? படகுகள் கவிழ்ந்து கிடக்கிற பக்கமாகத் தன் வலது கையை நீட்டினார்.

“நம்ம இடது கைப் பக்கம்,” என்றார்.

நீட்டிய அந்தக் கையை மகள் பிடித்துக்கொண்டாள். திருத்தாமல் வலது பக்கம் திரும்பினாள்.